பத்து நல்ல படங்களைப் பொறுக்கினால் நூல் அறிமுகம் ஆகிவிடுமா?

புதிதாக ஒரு புகைப்பட நூல் கைக்கு வருகிறது. புரட்டுகிறோம். பிடித்த பக்கங்களில் காகிதத் துண்டு செருகி வைக்கிறோம். அப்புறம் அந்தப் பத்துப் படங்களையும் வரிசையாகப் போட்டு, மேலே கலைஞரைப் பற்றி நாலு வரி, கீழே ‘தவறவிடக் கூடாத நூல்’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறோம். நானும் ரொம்ப நாள் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். இந்த வகை எழுத்தில் நான் பார்க்கும் பெரும்பாலான தவறுகள் இந்த ஒரு பழக்கத்திலிருந்துதான் கிளைக்கின்றன. நூலைப் படங்கள் போட்டு வைத்த பெட்டியாகப் பார்க்கிறோம். எடுத்தவரோ அதை ஒரே படைப்பாகச் செய்திருக்கிறார்.

புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்கின் ‘தி அமெரிக்கன்ஸ்’ நூலை எடுத்துக்கொள்வோம். அவர் எடுத்த ஃபிரேம்கள் 27,000-க்கும் மேல். நூலில் இருப்பவை 83. அந்த 83-ஐயும் தனித்தனியாகப் பார்த்தால் சில படங்கள் ‘இது எதற்கு?’ என்று கேட்க வைக்கும். கலங்கலாக, சாய்வாக, பாதி இருட்டாக இருக்கும். வரிசையில் பார்த்தால் கதை வேறு. நூல் நாலு பகுதியாக நகர்கிறது, ஒவ்வொரு பகுதியும் அமெரிக்கக் கொடி இருக்கும் படத்தோடு தொடங்குகிறது. அந்தக் கொடிப் படங்களில் ஒன்றை மட்டும் எடுத்துப் போட்டு ‘அருமையான காட்சியமைப்பு’ என்று எழுதினால், அந்தப் படம் நூலுக்குள் செய்யும் வேலையைப் பற்றி நாம் ஒன்றுமே சொல்லவில்லை.

இதே தவறின் வேடிக்கையான வடிவம் ஒன்றும் உண்டு. சோராப் ஹூராவின் ‘தி கோஸ்ட்’ (The Coast, கடற்கரை) 2019-இல் வந்தது. அதே ஆண்டு பாரிஸ் ஃபோட்டோ–அப்பர்ச்சர் விருதுகளில் ஆண்டின் சிறந்த புகைப்பட நூலாகவும் தேர்வானது. அதில் ஒரே படம் மறுபடியும் வரும், இம்முறை பக்கத்தில் வேறொரு படத்தோடு. ஒரு சிறுகதையும் சின்னச் சின்ன மாற்றங்களோடு திரும்பத் திரும்ப வரும். அவசரமாகப் புரட்டுகிறவருக்கு அது அச்சுப்பிழை போலத் தெரியும். நூலின் பொருளே அங்கேதான் இருக்கிறது. பக்கத்துப் படம் மாறும்போது அதே படம் வேறொன்றைச் சொல்கிறது. பத்துப் படம் பொறுக்குகிறவர் முதலில் தூக்கி எறிவது இந்தத் திரும்புதலைத்தான்.

சரி, என்ன செய்யலாம்? ஐந்தாறு படம்தான் போட முடியும் என்றால், நூலில் அடுத்தடுத்து வரும் நாலு பக்கங்களை அப்படியே போடுங்கள். அவற்றில் ஒன்று சுமாரான படமாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு பக்கமும் விரித்த நிலையில், எதிர்ப்பக்கம் வெள்ளையாக இருந்தால் அந்த வெள்ளையோடு சேர்த்துக் காட்டுங்கள். வாக்கர் எவன்ஸின் 1938 நூலில் படங்கள் வலப்பக்கத்தில் மட்டுமே வருகின்றன, படக்குறிப்புகள் பகுதியின் கடைசிக்குத் தள்ளப்பட்டிருக்கின்றன. படம் என்ன, எங்கே என்று தெரியாமலே முதலில் பார் என்கிறது அந்த அமைப்பு. நாம் அதை அறிமுகப்படுத்தும்போது ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஊர், ஆண்டு என்று ஒட்டினால் அவர் போட்ட திட்டத்தையே கலைத்துவிடுகிறோம்.

அடுத்தது, நூலை ஒரு பொருளாகப் பார்க்க மறப்பது. எத்தனை அறிமுகங்களில் நூலின் நீள அகலம் இருக்கிறது? உள்ளங்கைக்குள் அடங்கும் நூலும், மேசையில் விரித்துவைத்தே பார்க்க வேண்டிய நூலும் திரையில் ஒரே அளவாகத்தான் தெரியும். எட் ருஷே 1966-இல் வெளியிட்ட ‘எவ்ரி பில்டிங் ஆன் தி சன்செட் ஸ்ட்ரிப்’ விசிறி மடிப்பாக வந்தது. முழுதும் விரித்தால் சுமார் 7.5 மீட்டர். ஒரு தெருவின் இரண்டு பக்கக் கட்டடங்களும் அதில் மேலும் கீழுமாக ஓடும். அதிலிருந்து நாலு கட்டடத்தை வெட்டிப் போட்டால் யாருக்கு என்ன தெரியும்? தயாநிதா சிங்கின் ‘மியூசியம் பவன்’ (2017) ஒரு பெட்டிக்குள் ஒன்பது மடிப்பு நூல்கள். விரித்து நிறுத்தினால் அலமாரியே கண்காட்சிக்கூடம் ஆகிவிடும். அதை எடுத்து விரித்து வைக்கும் கையையும் சேர்த்துப் படமெடுத்தால்தான் நூல் புரியும்.

காகிதம் வழவழப்பா சொரசொரப்பா, பின்பக்கப் படம் ஊடே தெரிகிறதா, இரண்டு பக்கத்துக்கும் பரவிய படத்தை நடு மடிப்பு விழுங்குகிறதா, நூல் தட்டையாக விரிகிறதா என்பதையெல்லாம் எழுதுவது சில்லறை வேலையாகத் தோன்றலாம். திரையில் பார்க்கிறவருக்குக் கிடைக்காத தகவலே இதுதான். இன்னொன்று, அழகான அட்டை, கைத்தையல் பைண்டிங் என்றதும் ‘முன்னெப்போதும் இல்லாத முயற்சி’ என்று எழுதிவிடாதீர்கள். அன்னா அட்கின்ஸ் 1843-லேயே கடற்பாசிகளைக் கேமரா இல்லாமல் நீல அச்சுகளாக்கி, எழுத்தையும் கையாலேயே எழுதி நூலாக்கத் தொடங்கிவிட்டார். ‘முதல்முறையாக’ என்ற சொல் எனக்கு வந்தால் இப்போதெல்லாம் அழித்துவிடுகிறேன்.

நூலைப் படமெடுப்பதிலும் வழக்கமான சறுக்கல்கள் உண்டு. கேமராவின் ஃபிளாஷைப் போட்டால் மையின் மேல் வெள்ளைத் திட்டு விழும். பக்கவாட்டிலிருந்து வரும் ஜன்னல் வெளிச்சம் போதும், கேமரா நூலின் பக்கத்துக்கு நேர் இணையாக இருக்கட்டும். அச்சின் நுண்புள்ளிகளும் கேமரா சென்சாரின் புள்ளிகளும் மோதினால் படத்தில் அலை அலையாகக் கோடு தெரியும். சற்றுத் தள்ளி நின்றோ, அளவைக் கொஞ்சம் மாற்றியோ எடுத்தால் பெரும்பாலும் போய்விடும். எடுத்த பிறகு ‘பளிச்’சென்று ஆக்க கான்ட்ராஸ்டை ஏற்றுவதுதான் பெரிய பாவம். மங்கலான சாம்பல் நிறம்தான் வேண்டும் என்று அந்தக் கலைஞர் அச்சகத்தில் நின்று வாங்கிய சாம்பலாக இருக்கலாம் அது.

இனி எழுத்து. கலைஞர் குறிப்பை அப்படியே மொழிபெயர்த்துப் போடுவது மிகப் பரவலான தவறு. ‘நினைவுக்கும் மறதிக்கும் இடையிலான வெளியை இப்படைப்பு விசாரிக்கிறது’ என்பது போன்ற வாக்கியங்கள் எந்த மொழியிலும் எந்த நூலுக்கும் பொருந்தும். ஒரு சின்னச் சோதனை: நீங்கள் எழுதிய பத்தியில் கலைஞர் பெயரை மாற்றி வேறொருவர் பெயரைப் போடுங்கள். பத்தி அப்போதும் சரியாக இருந்தால் அதைக் குப்பையில் போடலாம். ‘கவித்துவமான’, ‘காலத்தை உறைய வைக்கும்’, ‘மௌனம் பேசும்’ ஆகியவற்றுக்கும் கொஞ்ச காலம் ஓய்வு கொடுக்கலாம். பக்கத்தில் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்: ஜன்னல், அதன் கீழே நாற்காலி, அடுத்த பக்கத்தில் அதே நாற்காலி காலியாக. கவித்துவம் இருந்தால் வாசகரே கண்டுகொள்வார்.

உரை எவ்வளவு மாற்றிவிடும் என்பதற்கு ஃபிராங்க் நூலையே மறுபடி பார்க்கலாம். 1958-இல் பாரிஸில் வந்த முதல் பதிப்பில் படங்களுக்கு எதிரே அமெரிக்காவைப் பற்றிப் பலர் எழுதிய பகுதிகள் தொகுக்கப்பட்டிருந்தன. அட்டையில் புகைப்படமே இல்லை, ஸால் ஸ்டைன்பெர்கின் கோட்டோவியம். பார்க்க ஒரு தேசத்தைப் பற்றிய தகவல் நூல் போல இருந்தது. 1959 அமெரிக்கப் பதிப்பில் அந்த உரைகள் போய், எழுத்தாளர் ஜாக் கெரோவாக்கின் முன்னுரை மட்டும் வந்தது. அதே 83 படங்கள்தான், ஆனால் நூல் வேறாகிவிட்டது. ஆகவே எந்தப் பதிப்பைப் பார்த்து எழுதுகிறீர்கள் என்று சொல்லாமல் விடுவது சின்னக் குறை அல்ல. ருஷேயின் பெட்ரோல் நிலைய நூல் 1963-இல் எண்ணிட்ட 400 பிரதிகளாக வந்தது. 1969-இல் மூன்றாம் பதிப்பு 3,000 பிரதிகள். முதல் பதிப்பு, மறுபதிப்பு, மொத்தப் பிரதிகள், கையெழுத்திட்ட பிரதிகள் எல்லாம் தனித்தனி விஷயங்கள். நூலின் கடைசியில் இருக்கும் பதிப்பு விவரப் பக்கத்தை வாசித்தால் பாதிக் குழப்பம் தீரும். வடிவமைத்தவர், படங்களைத் தொகுத்தவர் பெயர்களும் அங்கேதான் இருக்கும். அவர்களை விட்டுவிடுவது இசைத்தட்டில் பாடகர் பெயரை மட்டும் போடுவது மாதிரி.

தலைப்பை மொழிபெயர்க்கும்போதும் கவனம் வேண்டும். கார்த்தியே-பிரெசோனின் 1952 நூலுக்கு ஆங்கிலத்தில் ‘தீர்மானகரமான கணம்’ என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். பிரெஞ்சுத் தலைப்பு சொல்வது வேறு. அனுமதியில்லாமல் தெருவில் கடை விரித்தவர் எந்த நேரமும் சுருட்டிக்கொண்டு ஓடத் தயாராக விற்பாரே, அந்த அவசரமும் திருட்டுத்தனமும் அதில் இருக்கிறது. ஆங்கிலத் தலைப்பிலிருந்து மட்டும் அவரைப் புரிந்துகொண்டவர்கள் அவரைக் கணத்தைக் கணக்குப் போட்டுப் பிடிக்கும் கணித வாத்தியார் ஆக்கிவிட்டார்கள்.

படத்தில் இருப்பவரின் மனதை நாமே எழுதிவிடுவது எனக்கு அதிகம் உறுத்தும் தவறு. லாரி சுல்தான் தன் பெற்றோரைப் பல ஆண்டுகள் படமெடுத்து 1992-இல் நூலாக்கினார். கட்டிலில் கோட்டும் சூட்டுமாகச் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பார்த்தால், வாழ்வில் தோற்றுப்போன மனிதர் என்று எழுதக் கை துறுதுறுக்கும். அப்பா அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. படத்தில் இருப்பது நான் அல்ல, நீதான் என்கிற அர்த்தத்தில் மகனோடு வாதாடியிருக்கிறார். அந்த வாதமும் நூலுக்குள்ளேயே இருக்கிறது. அதை வாசிக்காமல் ‘கண்களில் தெரியும் வெறுமை’ என்று எழுதுகிறவர், அந்த நூல் கேட்கும் கேள்வியைத் தாண்டிக் குதித்து ஓடிவிடுகிறார்.

இதற்கு நேர்மாறான தவறு, புனைவை ஆவணமாக எடுத்துக்கொள்வது. கிறிஸ்டினா தெ மிடெலின் ‘தி ஆஃப்ரோநாட்ஸ்’ (2012) 1960-களில் ஸாம்பியாவில் ஒருவர் தொடங்கிய விண்வெளித் திட்டத்தைப் பற்றியது. திட்டம் உண்மை, படங்கள் அவர் ஜோடித்து எடுத்தவை. ‘ஸாம்பிய விண்வெளி வீரர்களின் அரிய படங்கள்’ என்று பகிர்ந்தால் வாசகரை ஏமாற்றியதாகும். அதே சமயம் ‘போலி’ என்று தள்ளினாலும் நூலைத் தவறவிட்டதாகும்.

எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்ற பத்தி பெரும்பாலும் தேவையில்லை. அது படத்தை மாற்றியிருந்தால் மட்டும் சொல்லுங்கள். ஆலெக் சோத் மிஸ்ஸிஸிப்பி ஆற்றோரம் 8×10 அங்குல ஃபிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார் என்பது சொல்ல வேண்டிய விஷயம். முக்காலியை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, அவர் தயாராகும்வரை எதிரில் இருப்பவர் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பு முகங்களில் தெரிகிறது.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. ‘படம்: இன்னார்’ என்று போட்டுவிட்டால் போதும் என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. பெயர் போடுவது மரியாதை, அது அனுமதி ஆகாது. விமர்சனத்துக்காக எவ்வளவு எடுத்தாளலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பதிப்பாளரிடம் கேட்டால் பெரும்பாலும் ஊடகங்களுக்கென்று ஒதுக்கிய சில படங்களை நிபந்தனையோடு தருவார்கள்: வெட்டக் கூடாது, மேலே எழுத்து ஓட்டக் கூடாது, பெயர் வரி இப்படியே இருக்க வேண்டும். சமூக ஊடகச் சதுரத்துக்காக ஓரத்தை நறுக்குகிறவர்கள் அந்த முதல் நிபந்தனையைத்தான் முதலில் மீறுகிறார்கள். சதுரத்துக்குள் படம் அடங்காவிட்டால் சுற்றி வெள்ளை விடுங்கள்.

கடைசியாகப் பெயர்கள். ரினேகே டைக்ஸ்ட்ரா, ரின்கோ கவாவுச்சி, மசாஹிசா ஃபுகாசே என்று தமிழில் எழுதும்போது ஆங்கில எழுத்தைப் பார்த்து நாமே உச்சரித்தால் ‘டிஜ்க்ஸ்ட்ரா’ பிறந்துவிடும். கலைஞர் தன் பெயரைத் தானே சொல்லும் நேர்காணல் காணொளி கிடைத்தால் அரை நிமிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். ஒரே கட்டுரையில் மேலே ஒரு விதமாகவும் கீழே ஒரு விதமாகவும் எழுதினால், பிறகு அந்தப் பெயரைத் தேடுகிற வாசகருக்குப் பாதிதான் அகப்படும்.