லாக்கப் விழவில்லையா? கியர்பாக்ஸை இறக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

1982-இல் வந்த 700ஆர்4 நான்கு கியர் ஆட்டோமேட்டிக், எண்பதுகளின் செவ்ரோலெட், ஜிஎம்சி பிக்கப் டிரக்குகள் பலவற்றில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் சீரான வேகம் வந்ததும், எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் கிளட்ச் இறுகி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகப் பூட்டிவிடும். இதுதான் லாக்கப். அது விழாவிட்டால் டீசலோ பெட்ரோலோ கூடக் குடிக்கும், கியர் ஆயிலும் சூடாகும்.

பலர் செய்யும் முதல் தவறு, லாக்கப்பையும் நான்காவது கியரையும் குழப்பிக்கொள்வது. வண்டி நாலுக்கு மாறிய பிறகு ஐந்தாவது கியர் போல எஞ்சின் வேகத்தில் (ஆர்பிஎம்) இன்னொரு சின்ன இறக்கம் தெரிந்தால் அதுதான் லாக்கப். சந்தேகமாக இருந்தால், 80 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை அசைக்காமல் இடது காலால் பிரேக் பெடலை லேசாகத் தொடுங்கள், பிரேக் பிடிக்கிற அளவுக்கு வேண்டாம். ஆர்பிஎம் சுமார் 200 முதல் 400 வரை ஏறி, காலை எடுத்ததும் இறங்கினால் லாக்கப் வேலை செய்கிறது. மீட்டர் இல்லாத வண்டியில் காதே போதும்.

எதுவும் மாறவில்லை என்றால் உடனே கன்வெர்ட்டரைக் குறை சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இங்கேதான் கோபம் வரும். லாக்கப்பை இயக்கும் சோலினாய்டுக்கு (மின்காந்தத் திறப்பான்) 12 வோல்ட், பிரேக் பெடலில் உள்ள சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. பெடலை மிதித்தால் அந்த இணைப்பு அறுபடும். "பின்னாடி பிரேக் விளக்கு எரியுதே, சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். விளக்குக்கான தொடர்பும் லாக்கப்புக்கான தொடர்பும் வேறு வேறு. ஒன்று நன்றாக இருந்து மற்றொன்று போயிருக்கலாம். கியர்பாக்ஸின் இடப்பக்கக் கனெக்டரில் டெஸ்ட் லைட் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகுமா? கியர்பாக்ஸை இறக்க ஒரு நாள் ஆகும்.

கம்ப்யூட்டர் உள்ள வண்டியில் இன்னொன்று: எஞ்சின் சூடேறாத வரை லாக்கப்புக்கு உத்தரவே வராது. தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டால் எஞ்சின் சரியாகச் சூடேறாது, சோலினாய்டு பாவம், சும்மா காத்திருக்கும்.

அப்புறம் அந்த டிவி (த்ராட்டில் வால்வு) கேபிள். லாக்கப் வரவில்லை என்று அதைத் திருகுகிறவர்கள் உண்டு. கார்புரேட்டரோடு இணைந்த அந்தக் கேபிள் கியர்பாக்ஸின் ஆயில் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. தளர்வாக வைத்தால் மூன்றாவது, நான்காவது கியர்களுக்கான கிளட்ச் கருகிவிடும். இல்லாத நோய்க்குச் சிகிச்சை செய்து, இருக்கும் உயிரையும் வாங்கின கதைதான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது, கிளட்ச் மிதிக்காமல் நிறுத்திய வண்டி போல எஞ்சின் அணைந்தால் லாக்கப் விடவில்லை என்று அர்த்தம். கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். சரியானால் கோளாறு மின்சாரப் பக்கம். அப்படியும் அணைந்தால் சோலினாய்டோ வால்வோ உள்ளே சிக்கியிருக்கலாம். கனெக்டரைக் கழற்றியே ஓட்டிக்கொண்டு திரிவது சோதனை முடியும்வரைதான் சரி. நீண்ட தூரத்துக்குக் கியர் ஆயில் தாங்காது.

நெடுஞ்சாலையில் நடுக்கம் வந்தாலும் லாக்கப் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கன்வெர்ட்டர் பூட்டியிருக்கும்போது எஞ்சினின் சின்னத் தடுமாற்றமும் நேராக வண்டிக்கு வரும். முதலில் ஸ்பார்க் பிளக்கையும் வயர்களையும் பாருங்கள்.

கடைசி வழியாகச் சிலர் டேஷ்போர்டில் சுவிட்ச் வைத்துத் தாங்களே பூட்டுவார்கள். அப்படிச் செய்வதானால் பிரேக் சுவிட்சை மின்சுற்றிலிருந்து நீக்காதீர்கள். மேட்டில் சுமையோடு ஏறும்போது பூட்டியே வைத்தால் அந்தக் கிளட்ச் சீக்கிரமே கருகும்.