உளுந்து டப்பாவுக்குள் நீலகிரித் தைலம் வைக்கும் முறை

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் நெல் அறுப்புக்கு முன்பே ஈர வயலில் தெளித்துவிடும் உளுந்து, பங்குனி வாக்கில் வீட்டுக்கு வந்து சேரும். வரும்போதே வண்டையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறது. முற்றிய காயின் மேலேயே வண்டு முட்டை வைத்துவிடும். உளுந்தைக் கையில் அள்ளிப் பாருங்கள், கறுப்புத் தோலில் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. அதிலிருந்து வரும் புழு நேராகப் பருப்புக்குள் துளைத்துப் போய்விடும். வெயில் காலத்தில் மூன்று நான்கு வாரத்தில் வண்டாகி, வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும்.

இந்த வண்டுக்காகத்தான் டப்பாவுக்குள் நீலகிரித் தைலம் வைப்பது. அதன் ஆவி வெளியே திரியும் வண்டைத்தான் நன்றாகத் தாக்கும், உள்ளே இருக்கும் புழுவை அவ்வளவாக எட்டாது. ஒரு தடவை வைத்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்கிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

முதலில் உளுந்தைக் காய வைக்க வேண்டும். நல்ல வெயிலில் தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பி, பல்லில் கடித்தால் டக்கென்று உடையும் வரை காய விடுங்கள். அப்புறம் நிழலில் ஆற வைத்துத்தான் டப்பாவில் கொட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

நாட்டு மருந்துக் கடையில் நீலகிரித் தைலம் கிடைக்கும். கலப்படமா என்று பார்க்க, வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காய விடுங்கள். நல்ல தைலம் ஆவியாகிவிடும். எண்ணெய்க் கறை தங்கினால் வேறு ஏதோ கலந்திருக்கிறார்கள். கிராம்புத் தைலமும் வண்டைக் கொல்லும்தான், ஆனால் அந்த வாசம் மாவு வரைக்கும் கூடவே வருகிறது. கிராம்பு மணக்கிற இட்லி யாருக்கு வேண்டும்?

20 லிட்டர் எவர்சில்வர் டப்பாவுக்கு நான் வைப்பது 2 மில்லி. ஊசி போடாத சிரிஞ்சில் அளந்து, இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் பஞ்சை வைத்து ஆளுக்கு 1 மில்லி ஊற்றி, வாயில் மெல்லிய துணி கட்டிவிடுவேன். உளுந்து பாதி நிரம்பியதும் ஒன்று, மேலே ஒன்று. தானியமே ஆவியை உறிஞ்சிக்கொள்வதால், மேலே மட்டும் வைத்தால் அடிவரை போய்ச் சேராது. தைலத்தை உளுந்து மேல் நேரடியாக ஊற்றவே கூடாது. மூடி விளிம்பில் டேப் ஒட்டுங்கள். சில வகை பிளாஸ்டிக்கைத் தைலம் இளக்கிவிடும், அதனால் பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். சமையலுக்கு வேண்டியதை முன்பே தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தினம் திறந்தால் ஆவி நிற்காது. மூன்று வாரம் கழித்து, புழுவாக இருந்தவை வண்டாகி வரும் நேரத்தில், பஞ்சில் மறுபடி தைலம் விடுங்கள். இன்னொரு மூன்று வாரத்தில் இன்னொரு தடவை.

எடுத்துச் சமைக்கும்போது ஒரு நாள் முறத்தில் காற்றாட விட்டு, இரண்டு மூன்று தண்ணீரில் கழுவுங்கள். குப்பியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், தைலத்தைக் குடித்துவிட்டால் ஆபத்து. அடுப்பு பக்கத்திலும் திறக்காதீர்கள், சட்டென்று தீப்பிடிக்கும்.

என் மாமியார் நொச்சி இலை போடுவார். அதிலும் இருப்பது வாசனை எண்ணெய்தான், இலை சருகாகி வாசம் போனதும் வேலையும் போய்விடும். வசம்புப் பொடியை விதைக்கு எடுத்து வைப்பதில் மட்டும் கலக்கிறேன், சாப்பாட்டு உளுந்தில் சேர்ப்பதில்லை. துவரம்பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவுவது வேறு கணக்கு: அது முட்டையை மூடி மூச்சடைக்கிறது, மூடி இறுக்கமாக இல்லாவிட்டாலும் பலன் உண்டு.

சாக்கு மூட்டைக்கு இந்தத் தைல முறை உதவாது, ஆவி எல்லாப் பக்கமும் ஓடிவிடும். மூட்டையாக வைத்திருப்பவர்கள், கோவை வேளாண் பல்கலைக்கழகம் வடிவமைத்த துளைக் குழாய்ப் பொறியை உள்ளே செருகி வையுங்கள். அதில் வண்டு விழ ஆரம்பித்ததுமே மூட்டையைப் பிரித்து வெயிலில் கொட்டுங்கள்.