கடற்கரை எச்சரிக்கைப் பலகை எழுதும் முறை

மார்த்தாண்டத்தில் போர்டு எழுதுவது என் தொழில். முன்பு பிரஷ், இப்போது கணினி. வருகிற வேலைகளில் கடற்கரை எச்சரிக்கைப் பலகைக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். நம் கரையில் கள்ளக்கடல் உண்டு. தெற்கே வெகுதொலைவில் எழுந்த அலை, இங்கே காற்றும் மழையும் இல்லாத நாளிலும் திடீரென்று கரையேறிவிடும். வெளியூர்க்காரருக்கு அந்தப் பெயரே தெரியாது. ஆகவே பலகையில் ‘திடீரென்று பேரலை வரும்’ என்றே எழுதுங்கள்.

ஒருமுறை என்னிடம் வந்த வாசகத்தில், ‘பொதுமக்களுக்கு ஓர் அன்பான வேண்டுகோள்’ என்ற வரிதான் எல்லாவற்றிலும் பெரியது. ‘கடலில் இறங்காதீர்’ நான்காவது வரியில், கீழே இருந்த, பலகை வைப்பவர்களின் பெயர்களைவிடச் சிறியதாகக் கிடந்தது. வரிசையை மாற்றினேன். மேல்பாதி முழுவதும் ‘கடலில் இறங்காதீர்’. அதன் கீழே சிறிய எழுத்தில் காரணம். அவசர எண் 112 தனி வரியில். பெயர்கள் மூலையில்.

எழுத்தின் அளவுக்குத் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். 60 அடி தள்ளி நிற்பவர் படிக்க 6 அங்குலம் வேண்டும். அளக்கும்போது ‘க’, ‘ட’ எழுத்துகளின் உயரத்தை மட்டும் அளந்துகொள்ளுங்கள்; ‘கி’யின் தலையில் வரும் மேல்விலங்கையும், ‘கு’வில் கீழே இறங்கும் காலையும் சேர்த்தால் கணக்கு தப்பும்.

தடித்த எழுத்து தூரத்தில் தெரியும் என்று பலர் நம்புகிறார்கள். அளவு மீறினால் தமிழில் சுழிகள் அடைந்துபோகும். ‘ண’வுக்கு மூன்று சுழி, ‘ன’வுக்கு இரண்டு, உள்ளே வெளிச்சம் இல்லையென்றால் இரண்டுமே கறுப்புத் திட்டுதான். வரிகளை நெருக்கினாலும் கேடு. மேல்வரியில் உள்ள ‘கு’வின் கால், கீழ்வரியின் புள்ளியில் இடித்துக்கொண்டு நிற்கும்.

நிறம்: மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து. சிவப்பையும் பச்சையையும் அருகருகே வைக்காதீர்கள். அவற்றைப் பிரித்தறிய முடியாத கண்கள் உண்டு. எழுத்துக்குப் பின்னால் அலையின் புகைப்படம் கேட்பார்கள், மறுத்துவிடுங்கள். நுரையின் மேல் எந்த எழுத்தும் நிற்காது. ஓரத்தில் விடும் வெற்றிடத்தையும் விட்டுக்கொடுக்காதீர்கள். ‘இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே’ என்று கேட்பவரிடம், வாசகத்தின் மேல் கண் போய் நிற்பதே அந்த இடத்தால்தான் என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

கேரளத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். தமிழையும் மலையாளத்தையும் வரிக்கு வரி மாற்றி எழுதாமல் தனித்தனிக் கட்டமாக வையுங்கள்; படிக்கத் தெரியாதவருக்கு, அலையில் நிற்கும் ஆளின் மேல் குறுக்குக்கோடு போட்ட படம் ஒன்று.

அச்சுக்கு அனுப்பும் முன், மாதிரியை ஒருவரிடம் மூன்று நொடி காட்டி மறைத்துவிட்டு, என்ன படித்தீர்கள் என்று கேளுங்கள். குளச்சலில் மீன் உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் அப்படிக் கேட்டேன். “இறங்காதே என்கிறது, மக்களே. ஏன் என்பதுதான் கண்ணுக்கு எட்டவில்லை” என்றார். காரணம் எழுதிய வரியின் எழுத்தை ஓர் அங்குலம் பெரிதாக்கிவிட்டு, மறுபடியும் அவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன்.