ஆர்எக்ஸ் 100-க்கு டிஸ்க் பிரேக்கும் புது முன் ஷாக்கும்: அளவெடுப்பதிலிருந்து ஏர் எடுப்பது வரை

ஆளியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. ஏறும்போது யமஹா ஆர்எக்ஸ் 100-ஐக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இறங்கும்போதுதான் 1985-இல் வந்த வண்டியின் வயது தெரியும். டூ-ஸ்ட்ரோக்கில் இன்ஜின் பிரேக்கிங் சொல்லிக்கொள்ளும்படி கிடையாது. முழுப் பாரமும் முன்னால் 150 மி.மீ., பின்னால் 130 மி.மீ. டிரம்மில் விழும். பத்து வளைவு தாண்டுவதற்குள் டிரம் சூடேறி, லீவர் பிடிக்கப் பிடிக்க உள்ளே போகும்.

டிஸ்க் போடுவது இதற்கு நல்ல தீர்வு. ஆனால் கோவை, ஈரோடு பக்கம் ஓடுகிற மாற்று வண்டிகளில் பாதிக்குமேல் யமஹா எஃப்இசட் முன்பக்கம் மாட்டியவை. பார்க்க மிரட்டும், ஓட்டினால் கை வலிக்கும். எஃப்இசட்டின் 41 மி.மீ. ஷாக்கில் இருக்கும் ஸ்பிரிங், 135 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்குக் கணக்குப் போட்டது. நூறு கிலோவை ஒட்டிய ஆர்எக்ஸில் அது அமுங்காது. பள்ளத்தில் சக்கரம் தத்தும், தத்துகிற சக்கரத்தில் எந்த டிஸ்க்கும் பிடிக்காது. 240 மி.மீ. டிஸ்க்கும் 18 அங்குல ரிம்மும் உள்ள 125, 150 சிசி கம்யூட்டர் வண்டியின் முன்பக்கமே இதற்குப் போதும். டிஸ்க் மாடல் ஹோண்டா ஷைன், பழைய யூனிகார்ன் இந்த அளவில் வரும்.

வாங்கும்போது

ஷாக் ஒரு வண்டியிலிருந்து, சக்கரம் இன்னொன்றிலிருந்து, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் மூன்றாவதிலிருந்து என்று பொறுக்கினால் ஸ்பேசர் கடைந்தே காசு கரையும். கோவை உக்கடம் பழைய சாமான் கடைகளிலோ, உடைத்து விற்பவர்களிடமோ ஒரே வண்டியின் செட்டாகக் கேளுங்கள்: மேல் டி, கீழ் டி (இரண்டு ஷாக்கையும் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்ப்கள்), இரண்டு ஷாக், சக்கரம், ஆக்சில், அதன் புஷ்கள், ஸ்பீடோ கியர், டிஸ்க், காலிப்பர், லீவரோடு சேர்ந்து பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர். ஹோஸ், பேட், ஷாக் ஆயில் சீல், காலிப்பர் சீல் கிட் ஆகியவற்றைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

பின் பெடலோடு இணைந்த சிபிஎஸ் காலிப்பர் வேண்டாம். அதில் ஒரு பிஸ்டன் பெடலுக்கென்றே இருக்கும். ஆர்எக்ஸில் அது சும்மா கிடந்து துருப்பிடிக்கும். சென்சார் மீட்டர் வண்டியின் சக்கரமும் வேண்டாம். ஆர்எக்ஸ் மீட்டருக்குக் கேபிள் வேண்டும்.

ஷாக் பைப்பைக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வளைந்த பைப். நிமிர்த்தித் தருகிறேன் என்பார்கள், வேண்டாம். டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்ச தடிமன் அச்சடித்திருக்கும், வெர்னியர் வைத்து ஒப்பிடுங்கள்.

தண்டுதான் வேலையே

மேலேயும் கீழேயும் உள்ள டி-யை இணைத்து, பிரேமின் தலைக்குழாய்க்குள் சுழலும் தண்டில்தான் இந்த மாற்றம் முழுவதும் நிற்கிறது. பழைய ஆர்எக்ஸ் தண்டையும் புது செட்டின் தண்டையும் பக்கத்தில் வைத்து நான்கு அளவு எடுங்கள்: கீழ் கோன் (தண்டு சுழலும் பேரிங்கின் உள் வளையம்) உட்காரும் இடத்தின் விட்டம், மேல் கோன் உட்காரும் இடத்தின் விட்டம், கீழ் கோனிலிருந்து மரை முடியும் வரை நீளம், மரையின் பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி).

நான்கும் ஒத்துப்போனால் புதுக் கோன் செட் போட்டு நேராக ஏற்றலாம். நீளம் மட்டும் சற்று அதிகம் என்றால் மேலே ஸ்பேசர் போதும். விட்டம் மாறினால் புதுத் தண்டு கடைய வேண்டியதுதான். ஆர்எக்ஸ் கப்பில் (தலைக்குழாயில் இருக்கும் பேரிங்கின் வெளி வளையம்) வேறு வண்டிக் கோனை வைத்துப் பேரிங் பால் நிரப்பி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பால் ஓடும் வட்டம் ஒன்றாக இல்லாவிட்டால் சில மாதத்தில் கப்பில் குழி விழும், ஹேண்டில் நேர்க்கோட்டில் சிக்கிக்கொள்ளும்.

ஊரில் தெருவுக்கு ஒரு லேத்துப் பட்டறை இருப்பது நமக்குப் பெரிய சௌகரியம். மோட்டார் ஷாஃப்ட் கடைகிறவருக்கு இது சின்ன வேலை. கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும். மைல்ட் ஸ்டீல் வேண்டாம், இஎன்8 ரக ஸ்டீலுக்குக் குறையாமல் போடச் சொல்லுங்கள். இஎன்19 கிடைத்தால் இன்னும் நல்லது. மேல் பகுதி ஆர்எக்ஸ் கோன் அளவு, மரை ஆர்எக்ஸ் நட்டுக்கு ஏற்றபடி (நட்டைக் கையோடு கொண்டுபோங்கள்), கீழ்ப் பகுதி புது டி-யின் துளை அளவு. துளையைவிடத் தண்டு 0.03 முதல் 0.05 மி.மீ. வரை பெரிதாக இருந்தால் இறுக்கம் சரி. தண்டின் அடியில் ஒரு காலர் விட்டு, டி-யின் கீழ்ப்புறமிருந்து ஏற்ற வேண்டும். மேல் நட்டை இறுக்கும்போது தண்டு மேலே உருவிக்கொண்டு வராமல் அந்தக் காலர் பிடித்துக்கொள்ளும்.

விட்டம் மாறும் மூலையைக் கூராக விட்டால் விரிசல் அங்கேதான் தொடங்கும். ஒன்றரை மி.மீ. ரேடியஸ் கொடுக்கச் சொல்லுங்கள். “பிரஸ்ஸுலயே ஏத்திருங்ண்ணா, சுத்தி போட்டா தண்டு சாஞ்சு போயிருமுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவைப்பதில் தப்பில்லை. இரும்பு டி-யா, அலுமினியமா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். அலுமினியம் என்றால் வெல்டிங் பேச்சே கூடாது. பிரேமின் தலைக்குழாயைக் கடைவதோ அதில் வெல்ட் வைப்பதோ எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

உயரம்

17 அங்குல ரிம் போட்டால் வண்டி முன்னால் படுத்துவிடும் என்று பலர் பயப்படுவார்கள். பார்க்க வேண்டியது டயரின் வெளிவிட்டம். ஆர்எக்ஸின் 2.50-18 டயர் ஏறக்குறைய 584 மி.மீ., 100/80-17 டயர் 592 மி.மீ. வித்தியாசம் ஒன்றுமே இல்லை. வண்டியைப் படுக்க வைப்பது ஷாக்கின் நீளம். பழைய செட்டில் ஆக்சில் நடுவிலிருந்து கீழ் டி-யின் கோன் உட்காரும் முகம் வரை அளந்து குறித்துக்கொண்டு, புதுசை அதோடு ஒப்பிடுங்கள். 20 மி.மீ. தாழ்ந்தால், சுமார் 1240 மி.மீ. வீல்பேஸுக்கு ஹேண்டில் சாய்வு கிட்டத்தட்ட ஒரு டிகிரி நிமிரும். டிரெயில் (ஹேண்டில் சுழலும் அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) சுமார் 6 மி.மீ. குறையும். டவுனில் லகுவாகத் திரும்பும், அவிநாசி ரோட்டில் 80 தாண்டினால் ஹேண்டில் ஆடத் தொடங்கும். 10 மி.மீ.க்குள் இருந்தால் விட்டுவிடலாம். அதற்குமேல் என்றால் டி-க்குள் ஷாக்கை ஏற்றி இறக்கிச் சரி செய்யுங்கள்.

ஷாக் ஆயில் 10W. எத்தனை மில்லி என்று பார்ப்பதைவிட மட்டம் பாருங்கள்: ஸ்பிரிங்கை எடுத்து, ஷாக்கை முழுக்க அமுக்கி, மேல் விளிம்பிலிருந்து ஆயில் வரை அளக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆள் உட்கார்ந்தால் ஷாக் தன் ஓட்டத்தில் நான்கில் ஒரு பங்கு அமுங்குவது நல்ல அளவு.

மாட்டுவது

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன்பக்கத்தைத் தூக்கி, பழையதை இறக்குங்கள். பழைய பால்களை எண்ணிவைத்துக்கொள்ளுங்கள். கப் இரண்டையும் மாற்றி, கிரீஸ் அப்பி, தண்டை ஏற்றுங்கள். முதல் நட்டைக் கொஞ்சம் அழுத்தமாக இறுக்கி, ஹேண்டிலை இரு பக்கமும் நான்கைந்து முறை திருப்பி, பிறகு தளர்த்தி, மறுபடி லேசாக இறுக்க வேண்டும். சக்கரம் தூக்கிய நிலையில் ஹேண்டிலை நடுவிலிருந்து தட்டிவிட்டால் தானாகப் பக்கத்தில் விழ வேண்டும். ஷாக்கைப் பிடித்து முன்பின் ஆட்டினால் ‘டக்’ சத்தம் வரக்கூடாது.

சக்கரம் மாட்டியதும் ஆக்சில் நட்டை இறுக்கிவிட்டு, ஷாக்கின் அடியில் ஆக்சிலைக் கவ்வும் பிஞ்ச் போல்ட்டைத் தளர்வாகவே வைத்து, முன்பக்கத்தை நான்கு முறை அமுக்கி விடுங்கள். ஷாக்குகள் தாமாக இணையாக வந்த பிறகே பிஞ்ச் போல்ட். இதை விட்டுவிட்டு, ஷாக் இறுகுகிறது, சீல் ஒழுகுகிறது என்று சீலைத் திட்டுவார்கள்.

அடுத்தது நேர்க்கோடு. கொத்தனார் நூல் ஒன்றைப் பின்டயரின் இரு பக்கமும் ஒட்டி முன்னால் இழுங்கள். பின்டயர் 2.75, முன்டயர் 2.50 என்றால் முன்டயரின் இரு பக்கமும் ஏறக்குறைய 3 மி.மீ. சம இடைவெளி தெரிய வேண்டும். இல்லையென்றால் ஆக்சில் புஷ்ஷில் திருத்தம். காலிப்பரின் நடுவில் டிஸ்க் நிற்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஷாக் பெட்ரோல் டேங்கில் இடிக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் டேங்கைத் துணி சுற்றி மூடிவிடுங்கள். இடித்தால் கீழ் டி-யின் ஸ்டாப்பரில் துண்டு வைத்துத் திருத்த வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டர்

செட்டோடு வந்ததையே போடுவது உத்தமம். வேறு போட்டால் பிஸ்டன் விட்டத்தைப் பாருங்கள். 12.7 மி.மீ.க்குப் பதில் 14 மி.மீ. போட்டால் பரப்பு 21 சதம் கூடும். அதே பிடிப்புக்கு அவ்வளவு அதிகம் அழுத்த வேண்டும், லீவர் கல்போல நிற்கும். 11 மி.மீ. போட்டால் ஒரு விரலில் பிடிக்கும், ஆனால் லீவர் பிடியைத் தொடும் அளவு உள்ளே வரும். கல்போல நிற்கும் லீவரைத் தொட்டதுமே ‘செம பிரேக்’ என்று சொல்லிவிடுவது வழக்கம். பிடித்துப் பார்க்காமல் சொல்லாதீர்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மாஸ்டர் சிலிண்டரோடு அந்த வண்டியின் ஆக்சிலரேட்டர் பிடியையும் மாட்டிவிடாதீர்கள். ஆர்எக்ஸில் ஆக்சிலரேட்டர் கேபிள் கார்புரேட்டரை மட்டும் இழுப்பதில்லை, இன்ஜினுக்கு ஆயில் கொடுக்கும் ஆட்டோலூப் பம்பையும் சேர்த்து இழுக்கிறது. பிடியின் உள் விட்டம் மாறினால் கேபிள் இழுக்கும் அளவு மாறும், பம்பின் குறி தப்பும், ஆயில் குறைந்து பிஸ்டன் ஜாம் ஆகும். பழைய பிடி அப்படியே இருக்கட்டும். லீவரிலுள்ள ஸ்டாப் லைட் சுவிட்ச் வயரைப் பின் பிரேக் சுவிட்சுக்கு இணையாகக் கொடுங்கள். வரிசையில் கொடுத்தால் இரண்டையும் பிடித்தால்தான் லைட் எரியும்.

ஹோஸை மாட்டும் பான்ஜோ போல்ட் எம்10-இல் 1.0, 1.25 என்று இரண்டு பிட்ச் உண்டு. முதல் இரண்டு சுற்று கையால் போகாவிட்டால் அது தவறான போல்ட், ஸ்பேனரை எடுக்காதீர்கள். செம்பு வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது, போல்ட்டுக்கு இரண்டு.

ஏர் எடுப்பது (பிரேக் ஹோஸில் நிற்கும் காற்றை வெளியேற்றுவது): டாட் 4 பிரேக் ஆயில் மட்டும். புதிதில் அதன் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் உறிஞ்சியபின் 155. மலையில் லீவர் திடீரென்று உள்ளே போவது பெரும்பாலும் இதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். காலிப்பர் நிப்பிளில் தெளிவான டியூப் மாட்டி, லீவரை மெதுவாக அழுத்திப் பிடித்து, நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, மூடி, பிறகு லீவரை விடுங்கள். டியூபில் குமிழி நின்ற பிறகும் லீவர் பஞ்சு போல இருந்தால் காற்று மாஸ்டர் சிலிண்டரின் பான்ஜோவில் நிற்கிறது. ஹேண்டிலைத் திருப்பி அந்த இடம் தாழும்படி வைத்து, ஹோஸை விரலால் தட்டிக்கொண்டே லீவரைச் சிறிது சிறிதாக அசையுங்கள். இரவு முழுக்க லீவரைக் கட்டிவைத்தால் மிச்சமும் ஏறிவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், டேங்க் பெயின்ட் உரிந்துவிடும்.

ஓட்டத் தொடங்கும்போது

புதுப் பேட் டிஸ்க்கில் பழகும் வரை நேராக மலைக்குப் போகாதீர்கள். ஆளில்லாத ரோட்டில் 40-இலிருந்து 10 கி.மீ. வரை, நிற்காமல், இருபது தடவை பிடித்து விடுங்கள். மழை விட்ட பிறகு முதல் பிடி சற்றுத் தாமதமாக இருக்கும். பின் டிரம் பழையதுதான், அதன் ஷூவையும் கையோடு மாற்றுங்கள். முன்னால் மட்டும் கூர்மையானால் மணல் கிடக்கும் வளைவில் முன்சக்கரம் வழுக்கும். டிஸ்க் இருக்கிறதென்று ஆக்சிலரேட்டரை முழுக்க மூடிக்கொண்டு கீழே வரை இறங்கவும் கூடாது. டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் போதாமல் போகும். இடையிடையே லேசாக முறுக்கிவிட வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி ஆர்.சி. விவரத்துக்கு முரணான மாற்றம் கூடாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் கேட்பதும் இதைத்தான். அதனால் கழற்றிய ஷாக், டிரம் சக்கரம், டி எதையும் விற்காமல் எண்ணெய் தடவிக் கட்டிவையுங்கள்.

200 கி.மீ. ஆனதும் கோன் செட் மறுபடி தளர்ந்திருக்கும், ஒருமுறை இறுக்குங்கள். டிஸ்க் போல்ட்களில் லாக்டைட் (மரை தளராமல் ஒட்டும் பசை) போட்டிருந்தாலும் அப்போதே ஒரு கை பார்த்துவிடுங்கள்.