டயல் டோன் வந்தால் வேலை முடியவில்லை: ஆபீஸ் மேசை போனில் செய்யும் தவறுகள்

போன வாரம் ஒரு புது ஆபீஸில் 18 எக்ஸ்டென்ஷன் போட்டோம். என்னோடு வந்த இரண்டு பையன்களில் ஒருவன் மேசைக்கு மேசை போய் வயரைச் சொருகுகிறான், ரிசீவரை எடுக்கிறான், டயல் டோன் கேட்டதும் “இது ஓகேண்ணா” என்று அடுத்த மேசைக்கு நகர்கிறான். 22 வருஷத்துக்கு முன்னால் நானும் அச்சு அசல் இப்படித்தான் இருந்தேன், அதற்குக் காசும் கொடுத்தேன். அவனைத் திட்டி என்ன பயன், எழுதியாவது வைப்போம் என்றுதான் இது.

பிளக்கைக் கிளிக் சத்தம் வரும்வரை அழுத்துங்கள், போன் மேல் காபியைக் கொட்டாதீர்கள் என்பதெல்லாம் இதில் இருக்காது. அது டப்பாவிலேயே படம் போட்டு இருக்கிறது.

சுருள் வயரும் தட்டை வயரும்

ரிசீவரில் இருந்து போனுக்கு வருவது சுருள் வயர், போனில் இருந்து சுவருக்குப் போகும் லைன் வயர் தட்டை. சுருள் வயரின் பிளக் ஒரு சுற்றுச் சின்னது. லைன் சாக்கெட்டுக்குள்ளும் போகும், போய் லூசாக ஆடும், ஓரத்துப் பின்னை வளைத்துவிட்டுத்தான் வெளியே வரும்.

போன் டெட் இல்லை, போர்ட் வேறு

ஆபீஸ் போன்களை எல்லாம் இணைக்கும் பெட்டியான இன்டர்காம் எக்ஸ்சேஞ்சில், அதாவது இபிஏபிஎக்ஸில், இரண்டு வகைப் போர்ட் இருக்கும். ரிசப்ஷனிலும் முதலாளி மேசையிலும் வரிசையாகப் பட்டனும் லைட்டும் வைத்த கீ-போன் இருக்கிறதே, அது டிஜிட்டல் போர்ட்டில் ஓடும். கடையில் கிடைக்கும் சாதாரண போன் அனலாக் போர்ட்டில் ஓடும். பிளக் ஒன்றுதான், சுவரில் இருக்கும் ரோசெட் என்கிற சாக்கெட் டப்பாவும் ஒன்றுதான், அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கீ-போன் இருந்த மேசையில் சாதாரண போனை மாட்டி, டெட், திருப்பிக் கொடுத்து வேறு வாங்கி, அதுவும் டெட், மூன்றாவது வாங்கிய பிறகு எனக்குப் போன் செய்த கணக்காளர் ஒருவரைத் தெரியும். மூன்று போனும் நன்றாகவே இருந்தன. நான் செய்தது எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் ஒரு ஜம்பர் வயரை மாற்றியது மட்டும்.

ஹூக்கைத் தட்டி டிரான்ஸ்ஃபர் செய்வது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேசப் போகிறேன். இன்றைக்கும் யாராவது ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு வந்த காலை அடுத்த மேசைக்கு மாற்ற ஒரு விரலால் ஹூக்கை, அதாவது ரிசீவரை வைத்தால் அமுங்கும் கட்டையை, டப்பென்று தட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

உள்ளே நடப்பது ரொம்பச் சின்ன விஷயம். ரிசீவர் கீழே இருக்கும்போது வெளியிலிருந்து வரும் லைனில் சுமார் 48 வோல்ட் சும்மா நிற்கும், கரண்ட் ஓடாது. எடுத்ததும் சுற்று மூடிக்கொண்டு கரண்ட் ஓட ஆரம்பிக்கும், மீட்டர் வைத்துப் பார்த்தால் வோல்ட் பத்துக்குப் பக்கத்தில் இறங்கியிருக்கும். நம் இன்டர்காம் பெட்டியிலும் இதே கதைதான், வோல்ட் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பெட்டிக்குத் தெரிவதெல்லாம் கரண்ட் ஓடுகிறதா, நின்றதா, நின்றால் எவ்வளவு நேரம் நின்றது என்பது மட்டும். ஹூக்கைத் தட்டும்போது அந்தக் கரண்ட்டை ஒரு கணம் அறுக்கிறீர்கள். அரை செகண்ட் போல அறுந்தால் ‘டிரான்ஸ்ஃபர் கேட்கிறார்’ என்று எடுத்துக்கொள்ளும். ஒரு செகண்டைத் தாண்டி இழுத்தால் ‘போனை வைத்துவிட்டார்’. பத்தில் ஒரு செகண்டுக்கும் குறைவாக அறுந்தால் பழைய பல்ஸ் டயலில் 1 சுற்றினால் வரும் துடிப்புக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. டயலின் ஓட்டையில் குட்டிப் பூட்டு மாட்டி வைத்திருந்த காலத்தில், பூட்டைத் தொடாமல் ஹூக்கைத் தட்டியே நம்பர் போட்ட கில்லாடிகள் எல்லா ஆபீஸிலும் இருந்தார்கள். 3க்கு மூன்று தட்டு, 0க்குப் பத்துத் தட்டு. அது இதே வித்தைதான்.

விரலுக்கு மில்லிசெகண்ட் கணக்குத் தெரியாது. அதற்காகத்தான் ஃப்ளாஷ் பட்டன் வைத்திருக்கிறார்கள், சில போன்களில் வெறும் ‘ஆர்’ என்று மட்டும் போட்டிருக்கும். அதை அமுக்கினால் போன் தானே நேரத்தை அளந்து, ஒவ்வொரு தடவையும் ஒரே அளவாக அறுத்துக் கொடுக்கும்.

சரி, பட்டனை அமுக்கினால் போதுமா? நான் விழுந்தது இந்த இடத்தில்தான்.

ஒரு மோட்டார் பம்பு கம்பெனி. பழைய எக்ஸ்சேஞ்சைக் கழற்றிவிட்டுப் புதுசு வைத்தோம், செலவு குறையட்டும் என்று மேசை போன்களைப் பழையதையே விட்டோம், அதில் ஐந்தாறு மாடல் கலந்து கிடந்தது. ஃப்ளாஷ் நேரம் எல்லாப் போனிலும் ஒன்றல்ல, 100, 300, 600 மில்லிசெகண்ட் என்று மாடலுக்கு மாடல் மாறும் என்பது எனக்கு அப்போது காதில் விழுந்த சங்கதி, அவ்வளவுதான், கையில் பட்டதில்லை. டயல் டோன் வந்தது, இன்டர்காமில் பேச முடிந்தது, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ரிசப்ஷன் போன் 100இல் இருந்தது, புது எக்ஸ்சேஞ்ச் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்தப் பெண் ஃப்ளாஷை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்திருக்கிறார், ஒன்றும் நடக்கவில்லை, பழக்கதோஷத்தில் ஹூக்கைத் தட்டியிருக்கிறார், அது நீண்டுபோய் லைன் கட். வடக்கிலிருந்து கூப்பிட்ட வியாபாரி மறுபடி கூப்பிட்டிருக்கிறார், மறுபடி கட். மூன்றாவது தடவை அவர் இவர்களைக் கூப்பிடவில்லை, வேறு கம்பெனியில் ஆர்டரைக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை முதலாளி என்னை வரச் சொன்னார். “நாப்பது பம்பு, தம்பி” என்றார், அதற்கு மேல் பேசவில்லை. எனக்கு வரவேண்டிய பாக்கியில் இரண்டாயிரம் பிடித்துக்கொண்டார்கள், அது நியாயம்தான். ரிசப்ஷன் பெண் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினார், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, அதுதான் இப்போதும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட பழக்கம் இது. போனை மேசையில் வைப்பதற்கு முன்பே ஃப்ளாஷ் நேரத்தைப் பார்த்துவிடுவேன், சில மாடலில் அடியில் ஸ்விட்ச் இருக்கும், சிலவற்றில் மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். எல்லாப் போனையும் ஒரே அளவில் வைத்துவிட்டு, எக்ஸ்சேஞ்ச் புரோகிராமிலும் அதே அளவை ஏற்றுக்கொள்கிறதா என்று பார்ப்பேன். அப்புறம் என் மொபைலில் இருந்து வெளி லைனுக்குக் கூப்பிட்டு, ஒவ்வொரு மேசையிலிருந்தும் மூன்று தடவை டிரான்ஸ்ஃபர் செய்து பார்ப்பேன். 18 போனுக்கு ஒரு மணி நேரம் ஆகும். பையன்கள் முனகுவார்கள், முனகட்டும்.

போனைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. ஃப்ளாஷை அமுக்கியதும் வேறு மாதிரி ஒரு டோன் வரும், அது காதில் விழுந்த பிறகுதான் எக்ஸ்டென்ஷன் நம்பரைப் போட வேண்டும். டோன் வரவில்லை என்றால் கூப்பிட்டவர் இன்னும் லைனிலேயே இருக்கிறார். இது தெரியாமல் “சார், அந்தப் பாக்கிக்காரர் மறுபடியும் கூப்பிடுறார், இல்லைன்னு சொல்லிடவா?” என்று பாக்கிக்காரரிடமே கேட்ட சம்பவத்துக்கு நான் நேர் சாட்சி. அந்தப் பக்கம் எடுத்தால் யார் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு ரிசீவரை வையுங்கள். எடுக்கவில்லை என்றால், பெரும்பாலான பெட்டிகளில், இன்னொரு தடவை ஃப்ளாஷ் அமுக்கினால் கூப்பிட்டவர் திரும்ப வந்துவிடுவார்.

இவ்வளவும் செய்து முடித்து ஆறு மாதம் கழித்துப் போனால், யாரோ குடோனில் இருந்த போனைத் தூக்கி ரிசப்ஷனில் வைத்திருப்பார்கள். கேட்டால் “போன் தானே சார்” என்பார்கள்.

டோனா, பல்ஸா

வங்கிக்குப் போன் செய்து “தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்” என்று கேட்டு அழுத்தினால் எதிர்ப்பக்கம் அசையவில்லை, நம்பர் போடும்போது கட கடவென்று சத்தம் வருகிறது என்றால் போன் பல்ஸில் இருக்கிறது. அடியிலோ பக்கவாட்டிலோ இருக்கும் ஸ்விட்சை டோனுக்குத் தள்ளுங்கள். இதற்கு என்னைக் கூப்பிட்டு விசிட் சார்ஜ் கொடுக்க வேண்டாம்.

ஒரு பூஜ்யம் போதாது

2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனில் இருந்து எந்த மொபைலுக்குப் போட்டாலும் முன்னால் 0 சேர்க்க வேண்டும். ஆபீஸ் எக்ஸ்டென்ஷனில் வெளி லைன் எடுக்கவே ஒரு 0 போடுகிறோம், ஆக மொத்தம் இரண்டு 0. இன்றைக்கும் பத்து வருஷப் பழைய ஸ்பீடு டயலை வைத்துக்கொண்டு ‘நம்பர் தவறு’ என்கிற பெண் குரலோடு சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதில் சிரிக்க முடியாத பக்கம் ஒன்று உண்டு. 108க்கோ 112க்கோ போட வேண்டிய நேரத்தில் முதலில் 0 என்பது யாருக்கு ஞாபகம் வரும்? அமெரிக்காவில் டெக்சாஸில் 2013இல் ஒரு விடுதி அறையில் தாய் கத்திக்குத்துப் பட்டுக் கிடந்தபோது ஒன்பது வயது மகள் நான்கு தடவை 911 போட்டுப் பார்த்தாள், வெளி லைனுக்கு முதலில் 9 போட வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியவில்லை, போன் போகவில்லை, தாய் இறந்துவிட்டார். 2018இல் அங்கே இதற்காகவே ஒரு சட்டம் வந்தது. உங்கள் எக்ஸ்சேஞ்சில் 108ஐயும் 112ஐயும் நேராகப் போட்டாலே வெளியே போகிற மாதிரி செட் செய்யச் சொல்லுங்கள். உங்கள் பெட்டியில் அந்த வசதி இல்லை என்றால் 0-108, 0-112 என்று எழுதிப் போன் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே போன் வயர்

கூடாது. காதில் ‘ம்ம்ம்’ என்று கேட்பது ஒரு தொல்லை, உறை உரிந்து 230 வோல்ட் போனுக்குள் வந்தால் அது வேறு கதை.

எல்லாப் போனும் ஒரே நேரத்தில் டெட்

எக்ஸ்சேஞ்ச் இல்லாத சின்ன ஆபீஸில் ஒரே லைனில் மூன்று போனைப் பாரலலாகப் போட்டிருப்பார்கள். பின் அறையில் ரிசீவர் ஒரு ஃபைல் மேல் சாய்ந்து கிடந்தால் மூன்றும் செத்த மாதிரிதான். லைன்மேனைக் கூப்பிடுவதற்கு முன் மேசைகளை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். சுவரில் மாட்டிய போனில் ரிசீவர் வழுக்கி வழுக்கி விழுகிறதா, அது தொங்குவதற்கென்று ஹூக்குக்கு மேலே நகம் அளவு ஒரு கிளிப் இருக்கும், அதை உருவித் தலைகீழாகத் திருப்பிச் சொருக வேண்டும். அந்தக் கிளிப்பைக் காட்டினால் ஐந்து வருஷமாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தவர்கள் என்னை மந்திரவாதி மாதிரி பார்ப்பார்கள்.

ஐப்பசி இடி

செம்பு வயர் வெளியில் இருந்து வந்தால் இடியும் அதே வழியில் வரும். வெளி வயர்கள் வந்து சேரும் க்ரோன் மாட்யூலில், இடியை எர்த்துக்குத் திருப்பிவிடும் கேஸ் அரெஸ்டர் சொருகியிருப்பதை மட்டும் பார்த்துத் திருப்திப்படுகிறார்கள், அதன் எர்த் வயர் எங்கே போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு இடத்தில் பிடித்துக்கொண்டே போனேன், பீரோவுக்குப் பின்னால் சுருட்டி முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள்.

பாட்டரி

காலர் ஐடி போனில் பாட்டரி போட்டீர்களா, போட்ட தேதியை மூடியின் உட்புறம் பேனாவால் எழுதுங்கள். பழைய பாட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்த ஸ்பிரிங்கைச் சுரண்டுவது என் வேலை இல்லை.