பாரிஸில் ஆங்கிலப் புத்தகம் தேடிய கதை

பாரிஸுக்கு வந்த முதல் வாரம், தெருவுக்குத் தெரு ‘லிப்ரேரி’ என்ற பலகையைப் பார்த்து, இந்த ஊரில் இத்தனை நூலகங்களா என்று வியந்தபடியே கடந்து போய்க்கொண்டிருந்தேன். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் புத்தகக் கடை என்று பொருள், நூலகத்துக்கு ‘பிப்லியோதெக்’. இதைத் தெரிந்துகொண்டு உள்ளே நுழைந்தாலும் பயனில்லை. எல்லாம் பிரெஞ்சு, ஆங்கிலத்துக்கு மூலையில் ஒரு தட்டு.

பிறகு கைப்பேசி வரைபடத்தில் ‘லிப்ரேரி ஆங்லோஃபோன்’ (ஆங்கிலப் புத்தகக் கடை) என்று பிரெஞ்சிலேயே தேடினேன். வழி பிறந்தது.

நோத்ர தாம் தேவாலயத்துக்கு எதிர்க்கரையில் 1951இல் தொடங்கிய ‘ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி’ எல்லோரும் அறிந்தது. வாசலில் வரிசை, உள்ளே தோள் இடிக்கும் கூட்டம். நின்று பத்துப் பக்கம் புரட்ட முடியவில்லை. கொஞ்ச தூரம் நடந்தால், பார்ஷ்மினெரி என்ற சந்தில் கனடாக் கொடி தொங்கும் ‘அபி புக்‌ஷாப்’. அடுக்கிய புத்தகங்களுக்கு நடுவே பக்கவாட்டில்தான் நகர வேண்டும் (என் தொப்பைக்கு அது சோதனை). ஒரு மணி நேரம் நின்றேன், யாரும் முறைக்கவில்லை.

பழைய புத்தகங்களுக்கு ஒதெயோன் என்ற பகுதியில் ‘சான் பிரான்சிஸ்கோ புக் கம்பெனி’. இப்போது சனிக்கிழமை பிற்பகல்கள் அங்கேதான் கழிகின்றன.