கடலோரத்தில் போலரைசேஷன் கேமரா: செய்யக் கூடாதவை

மண்டபம், தொண்டி பக்கம் ஆழம் குறைந்த கடலில் நீர்ப்பரப்பின் கண்கூச்சத்தைக் கழித்துவிட்டு அடியில் கிடக்கும் கடற்புல்லைப் பார்க்க போலரைசேஷன் சென்சார் அருமையான கருவி. ஆனால் அந்தச் சென்சார் சிப் ஒளியின் தளவிளைவை (போலரைசேஷன், அதாவது ஒளி அலை ஒரு திசையில் மட்டும் கூடுதலாக அதிர்வது) நேரடியாக அளப்பதில்லை. சோனியின் போலார்சென்ஸ் மாதிரியான சிப்பில் ஒவ்வொரு பிக்சல் மேலும் நுண்ணிய கம்பிக் கட்டம் ஒன்று, 0, 45, 90, 135 டிகிரி என நான்கு திசைகளில் இருக்கும். கிடைப்பது நான்கு வெளிச்ச அளவுகள்தான், மற்றதெல்லாம் நாம் போடும் கணக்கு. அதனால் வெளிச்சத்தில் வரும் கோளாறு அப்படியே பொய்யான தளவிளைவாக மாறிவிடும்.

பலரும் கோட்டை விடுவது எக்ஸ்போஷரில். தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்வது, செங்குத்துக்கோட்டிலிருந்து 53 டிகிரி வாக்கில் பார்த்தால் ஏறக்குறைய முழுசாகவே அப்படி. எனவே உச்சி வெயிலில் கிடைமட்டப் பிக்சல்தான் முதலில் நிரம்பி வழியும். 12 பிட் சென்சாரில் உச்சம் 4095. உண்மையில் கிடைமட்டம் (0 டிகிரி) 6000, செங்குத்து (90 டிகிரி) 2000 என்று வையுங்கள், வித்தியாசத்தைக் கூட்டலால் வகுத்தால் தளவிளைவு 50 சதவீதம். 6000 என்பது 4095-இல் நின்றுவிட்டால் கணக்கு 34 சதவீதம்தான் காட்டும், படமோ பார்க்க அழகாகவே இருக்கும்! இதைப் பிடிக்க வழி உண்டு: 0, 90 இரண்டின் கூட்டலும் 45, 135 இரண்டின் கூட்டலும் சமமாக வர வேண்டும். இங்கே முதலாவது 6095, 45, 135 இரண்டும் 4000 என்பதால் இன்னொன்று 8000. அந்தப் படத்தைத் தூக்கிப் போடுங்கள்.

மூடி போட்டு எடுத்த இருட்டுப் படத்தைக் கழிக்காமல் விடாதீர்கள், ஜேபெக்கில் சேமிக்காதீர்கள். வள்ளத்தின் விளிம்பில் தெரியும் பளிச்சென்ற தளவிளைவையும் நம்பிவிடாதீர்கள், பக்கத்துப் பிக்சல்கள் நான்கும் ஒரே புள்ளியைப் பார்ப்பதில்லை, அதனால் வருவது அது. அப்புறம், உப்புக்காற்றுக்குப் பயந்து முன்னால் அக்ரிலிக் தகடு மாட்டுவார்கள். இறுக்கி மாட்டிய பிளாஸ்டிக்கின் உள்ளழுத்தமே ஒளியின் தளவிளைவை மாற்றிவிடும், கொஞ்சம் செலவானாலும் கண்ணாடியே போடுங்கள், அதையும் இறுக்காமல்.

தளவிளைவின் கோணங்களை, அதாவது ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை, நேராகச் சராசரி எடுக்கவே கூடாது. 1 டிகிரியும் 179 டிகிரியும் ஏறக்குறைய ஒரே திசை, சராசரி எடுத்தால் 90 வந்து நிற்கும். முதலில் நான்கு வெளிச்ச அளவுகளைச் சராசரி எடுத்துவிட்டு அதிலிருந்து கோணத்தைக் கணக்கிடுங்கள்.

படகிலிருந்து எடுப்பதானால் இன்னொன்று. கோணம் என்பது சென்சாரை வைத்துச் சொல்வது, கேமரா பக்கவாட்டில் 10 டிகிரி சாய்ந்தால் விடையும் 10 டிகிரி நகரும், சதவீதம் மாறாது. கச்சான் காற்று (மேற்கிலிருந்து வீசுவது) அடிக்கையில் மன்னார் வளைகுடாப் பக்கம் எடுத்தால் ஒவ்வொரு ஃபிரேமோடும் சாய்வையும் சேர்த்தே பதியுங்கள்.